கழற்றி மாட்டிய கணினி

மேசைக் கணினியை ஒரே பொருளாக வாங்கினாலும் அது ஒரே பொருளாகத் தேய்வதில்லை. கேசிங், பவர் சப்ளை, மதர்போர்டு, பிராசசர், ரேம், ஹார்ட் டிஸ்க், திரை, விசைப்பலகை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே செய்யப்பட்டு, தனித்தனியே பழுதாகி, தனித்தனியே மாற்றப்படுகிறது. மடிக்கணினிக்கு இந்தத் தன்மை குறைவு. கைப்பேசிக்கு ஏறக்குறைய இல்லை. இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை இதற்கு முக்கியக் காரணம். மதர்போர்டின் திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும், பின்பக்கச் செருகுவாய்கள் எந்த இடத்தில் வர வேண்டும், எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அது வரையறுத்தது. 2000இல் வாங்கிய கேசிங்குக்குள் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த மதர்போர்டு முணுமுணுக்காமல் உட்கார்ந்தது அந்த ஒழுங்கினால்தான்.

அப்படியொரு கேசிங் மலாக்கா மாநிலத்தின் வடமேற்குக் கரையில், அலோர் காஜா மாவட்டத்துக் கோலா சுங்கை பாருவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடலும் மீனவர் கம்போங்குகளும், மறுபக்கம் ஒரு காலத்தில் ரப்பராக இருந்து பின்னர் செம்பனையாக மாறிய தோட்டங்களும் உள்ள சிறிய ஊர் அது. கணினிச் சாமான் எதுவானாலும் மஸ்ஜித் தானாவரை போய்ப் பார்க்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் மலாக்கா பட்டணம்தான். கடை தூரமாக இருந்ததால் தூக்கிப்போடும் பழக்கமும் தூரமாகவே இருந்தது. இதை எழுதுபவர் வளர்ந்த வீட்டில், ஒரே கேசிங்குக்குள் கால் நூற்றாண்டில் நடந்த மாற்றங்களே இங்கே வரிசையாக விவரிக்கப்படுகின்றன.

மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தகவல் தொழில்நுட்பத் திட்டம் பற்றிய பேச்சு நாட்டில் 1996இலேயே தொடங்கிவிட்டது. தோட்டத்து வீடுகளுக்குக் கணினி வந்தது 2000ஆம் ஆண்டுவாக்கில். அப்போது ஊழியர் சேமநிதி வாரியம், கணினி வாங்குவதற்காகச் சந்தாதாரர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க அனுமதி கொடுத்தது. முதுமைக்கென்று பிடிக்கப்பட்ட பணம் பிள்ளைகளின் படிப்புக்காக வெளியே வந்தது. கணினி வாங்கியதாகக் கணக்குக் காட்டி, கடைக்காரருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மிச்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. முறைகேடு பெருகியதால் 2001இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நிஜமாகவே கணினி வாங்கிய வீடுகளில் மேலே சொன்ன வீடும் ஒன்று. தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்த தந்தையின் சேமநிதியிலிருந்து அது வந்தது: செலரான் 500 பிராசசர், 64 எம்பி ரேம், 10 ஜிபி ஹார்ட் டிஸ்க், 15 அங்குலக் குழல் திரை, 56கே மோடம், விண்டோஸ் 98. வேலை செய்யாத நேரத்தில் அதன்மேல் பூப்போட்ட துணி உறை கிடக்கும். அம்மா தைத்த அந்த உறை, கேசிங்குக்குள் இருந்த எல்லாச் சாமான்களையும்விடக் கூடுதல் காலம் உழைத்தது.

பழைய கணினியைப் புதுப்பிக்க நினைப்பவர் பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது பொருத்தம். எந்த ரேம் சேரும், எந்த பிராசசர் உட்காரும், எத்தனை ஜிபி டிஸ்க் வரை தெரியும் என்பதையெல்லாம் மதர்போர்டு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. குடும்பத்தில் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தவர், பத்து பெரண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருந்த தாய்மாமன்.

“மாமா, ரேம் மட்டும் கூட்டிட்டா போதுங்களா?”

“மொதல்ல போர்டு என்ன கேக்குதுன்னு பாருடா. நீ வாங்கிட்டு வர்றதெல்லாம் அதுக்குச் சேரணும்ல?”

போர்டின் பெயரும் பதிப்பும் அதன்மேலேயே, செருகுவாய்களுக்கு நடுவில், பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே முதல் வேலை. அந்தத் தாள் இல்லாமல் போனால் கடைக்காரர் விற்க நினைப்பதைத்தான் வாங்கிவர முடியும்.

பவர் சப்ளையும் மோடமும்தான் முதலில் ஆபத்துக்கு உள்ளாயின. மலாக்கா நீரிணைக் கரைகள் உலகில் இடி மின்னல் அதிகம் விழும் பகுதிகளைச் சேர்ந்தவை. மாலையில் கடல் பக்கம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். டெலிபோன் கம்பியையும் பிடுங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. டிஎம்நெட்டுக்கு 1515, ஜாரிங்குக்கு 1511 என்று சுழற்றி இணையத்துக்குள் போன அந்தக் காலத்தில், மின்னல் பெரும்பாலும் வந்தது டெலிபோன் வழியாகத்தான். மோடம் கருகும், சில சமயம் அதோடு சேர்ந்து போர்டும் போகும். தோட்டங்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தேசிய மின் இணைப்பு வரும்வரை லயங்களுக்கு வெளிச்சம் கொடுத்தது தோட்டத்தின் சொந்த எஞ்சின். மாலையிலும் இரவின் முற்பகுதியிலும் மட்டும் ஓடிய அந்த எஞ்சினின் மின்சாரம் ஏறி இறங்கும். அந்தக் காலத்து வானொலிப் பெட்டிகளும் தொலைக்காட்சிகளும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், கணினி வந்ததும் வோல்டேஜ் பற்றி இயல்பாகவே பயந்தார்கள்.

பழைய பவர் சப்ளையை மறுபடி பயன்படுத்துகிறவர் பின்பக்கத்துச் சிவப்பு சுவிட்சைப் பார்க்காமல் பிளக்கைச் செருகக்கூடாது. 115, 230 என்று இரண்டு நிலைகள் அதில் இருக்கும். 115இல் இருக்கும்போது உள்ளே உள்ள சுற்று, வரும் வோல்டேஜை இரட்டிப்பாக்கும். அமெரிக்காவுக்கு அது சரி. மலேசியாவின் 240 வோல்ட்டை இரட்டித்தால் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் தாங்காமல் வெடிக்கும். சத்தம் பட்டாசு மாதிரி இருக்கும். வாடை இரண்டு நாள் போகாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1990களின் இறுதியில் வந்த சில பெரிய நிறுவனக் கணினிகளின் பவர் சப்ளை, பார்வைக்கு ஏடிஎக்ஸ் போலவே இருந்தாலும் கம்பி வரிசை வேறு. பிளக் ஒழுங்காகச் செருகும், போர்டு செத்துப்போகும். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு பூமி என்ற வண்ண வரிசையை இடத்துக்கு இடம் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த ஆபத்து இல்லை. பொதுவாகச் சொன்னால், வயது தெரியாத பவர் சப்ளையை இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக மாட்டுவது இந்தத் தொழிலில் உள்ள மோசமான சிக்கனம். மற்ற எதுவும் பழையதாக இருக்கலாம். இது ஒன்றைப் புதிதாக வாங்கலாம்.

ரேமைக் கூட்ட வேண்டும் என்ற தேவை தமிழால் வந்தது. விண்டோஸ் 98இல் தமிழ் எழுத முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இருந்தது; வீட்டில் அதுதான் இருந்தது. ஆனால் ஒவ்வோர் இணையத்தளமும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு தளத்துக்கு இறக்கிய எழுத்துரு அடுத்த தளத்தில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி, யூனிகோடு வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று தமிழ்ப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. லதா எழுத்துருவும் யூனிகோடு தமிழும் அதன் உள்ளேயே இருந்தன. குறுந்தட்டைப் போட்டு, மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் ஒரு குறி போட வேண்டும். போடாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்ச ரேம் 64 எம்பி; பரிந்துரைத்தது 128. வீட்டுக் கணினியில் இருந்த 64இலும் ஒரு பகுதியைத் திரைக்காக போர்டே எடுத்துக்கொண்டது. அந்தப் போர்டு இன்டெல் 810 வகை; அதில் தனிப் படவரை அட்டை கிடையாது. அதற்கான ஏஜிபி செருகுவாயும் இல்லை. ஆக ரேம் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. புது ரேமின் விலை அப்போது நிலையாக இருக்காது. 1999 செப்டம்பரில் தைவானில் நிலநடுக்கம் வந்தபோது உலகம் முழுக்க ரேம் விலை எகிறியது. அதிலிருந்து கடைக்காரர்கள் தினவிலை சொல்லப் பழகிவிட்டார்கள். மாமா யாரோ கழித்துவிட்ட ஆபீஸ் கணினியிலிருந்து 128 எம்பி துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். எஸ்டிரேம் என்ற அந்த வகைக்கு 168 கால்கள், அடியில் இரண்டு வெட்டுகள். வெட்டு சேராத ரேம் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது; இறங்காததை அழுத்தவும் கூடாது. பொன்முலாம் பூசிய கால்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துணியால் துடைத்து, இரு பக்கத் தாழ்ப்பாளும் தானாக மூடும்வரை அழுத்தினால் வேலை முடிந்தது. 192 எம்பியில் எக்ஸ்பி சோம்பலாக ஓடினாலும் தமிழைச் சரியாகக் காட்டியது. அந்த வீட்டில் செய்த மாற்றங்களிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

அந்த ரேம் துண்டில் இன்ஃபினியன் என்ற முத்திரை இருந்தது. மலாக்காக்காரருக்கு அது அந்நியப் பெயர் இல்லை. 1970களின் தொடக்கத்தில் நேஷனல் செமிகண்டக்டர், சீமென்ஸ் போன்ற நிறுவனங்கள் பத்து பெரண்டாமில் ஆலை திறந்தன; சீமென்சின் சில்லுப் பிரிவுதான் 1999இல் இன்ஃபினியன் ஆனது. மலாக்காவில் அது மெமரி சில்லுகளையும் பொதிந்து சோதித்தது. விடியற்காலையில் தோட்டத்து முச்சந்திகளில் ஃபேக்டரி பஸ்ஸுக்காகக் காத்து நின்ற பெண்களில் பலர், மைக்ரோஸ்கோப் வழியாக முடியைவிட மெல்லிய கம்பி இணைப்புகளைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள். ரப்பர் பால் எடுத்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை சில்லு செய்யப் போனதும், அந்தச் சில்லுகள் கணினிக்குள் ஒளிந்து அதே வீடுகளுக்குத் திரும்பி வர இருபது முப்பது ஆண்டுகள் ஆனதும் மலேசியத் தமிழர் வரலாற்றில் யாரும் பெரிதாக எழுதாத பக்கம். மெமரிப் பிரிவு 2006இல் கிமோண்டா என்று பிரிந்து, 2009 தொடக்கத்தில் திவாலானது.

ஹார்ட் டிஸ்க் மாற்றுவதில் அன்றைக்கு இருந்த நுணுக்கங்கள் இன்றைக்குத் தேவையில்லை. ஆனாலும் பழைய சாமானைத் தொடுகிறவருக்கு அவை தெரிந்திருக்க வேண்டும். ஐடிஇ வகை டிஸ்குகள் பட்டையான கேபிளில் இரண்டு இரண்டாக மாட்டப்படும். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். எது எது என்பதை டிஸ்கின் பின்னால் உள்ள குட்டி ஜம்பரை இடம் மாற்றித் தீர்மானிக்க வேண்டும். இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாது. கேபிளின் சிவப்புக் கோடு முதல் காலின் பக்கம் இருக்க வேண்டும். 10 ஜிபி நிறைந்துபோய், 40 ஜிபி டிஸ்க் ஒன்று வந்தபோது கணினி தொடங்கவே மறுத்தது. டிஸ்கில் குறை இல்லை. 1999 நடுப்பகுதிக்கு முன் எழுதப்பட்ட சில பயாஸ்களால் (கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டின் உள்மென்பொருள்) ஏறத்தாழ 33 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது. எண்ணப் போய் அப்படியே நின்றுவிடும். இதற்காகவே டிஸ்க் செய்தவர்கள் இன்னொரு ஜம்பர் நிலை வைத்திருந்தார்கள். அதைப் போட்டால் 40 ஜிபி டிஸ்க் தன்னை 32 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும். மீதியை இழந்தாலும் டிஸ்க் ஓடும். அதற்கடுத்த எல்லை 137 ஜிபி, அதற்கும் பிறகு 2 டெராபைட். டிஸ்கின் அளவை போர்டின் வயதோடு ஒப்பிட்டுவிட்டே வாங்க வேண்டும்.

2003இல் சாட்டா என்ற புது இணைப்புமுறை வந்து ஜம்பர் தொல்லைக்கு முடிவு கட்டியது. சாட்டாவின் நல்ல குணம் என்னவென்றால், புது டிஸ்க் பழைய போர்டிலும் பழைய டிஸ்க் புது போர்டிலும் பெரும்பாலும் குறைந்த வேகத்திலாவது ஓடும். 2011 இறுதியில் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி விலை ஏறியபோது, மேசை அடியில் கிடந்த பழைய 80 ஜிபி டிஸ்குகளுக்குத் திடீர் மரியாதை வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் விலை இறங்கிய, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி, பழைய கணினிக்குக் கிடைத்த பெரிய வரம். சுழலும் டிஸ்கில் ஊசி இடம் தேடிப் போவதற்கே பல மில்லி நொடி ஆகும். எஸ்எஸ்டியில் அந்தத் தேடல் ஏறக்குறைய இல்லை. திறக்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட கணினி அரை நிமிடத்துக்குள் தயாரானது. பிராசசரைத் தொடாமல், 120 ஜிபி எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி, “புதுக் கணினி வாங்கிட்டீங்களா?” என்று பக்கத்து வீட்டாரைக் கேட்கவைக்க முடிந்தது.

பிராசசர் மாற்றம் இதற்கு நேர்மாறு. அந்தச் செலரான் உட்கார்ந்திருந்த செருகுவாயின் பெயர் சாக்கெட் 370. அதே சாக்கெட்டுக்குப் பென்டியம் 3உம் வந்தது. காலும் துளையும் எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆனால் உள்ளே மின்னோட்டத்தின் ஒழுங்கு மாறிவிட்டது. ஆரம்பகாலப் போர்டில் பிந்திய பிராசசர் உட்காரும், ஓடாது. உட்காருவதையே பொருத்தம் என்று நம்பி மலாக்காவில் வாங்கியவர்கள் பலர் அதே வாரத்தில் திருப்பிக் கொடுக்க ஓடினார்கள். பிராசசர் ஓடினாலும் கிடைக்கும் வேகம் கொடுத்த காசுக்குத் தகுந்ததாக இருப்பது அபூர்வம். பழைய கணினியில் பிராசசரை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் வீண் என்பதே இந்த அனுபவத்தின் தீர்ப்பு. மாற்றுவதானால் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் ஒன்றாக, ஒரே பழைய இயந்திரத்திலிருந்து எடுத்து மாற்றுவது நல்லது. அவை மூன்றும் ஏற்கெனவே சேர்ந்து ஓடியவை.

அந்த முழு மாற்றத்துக்கான வேளை 2005 வாக்கில் வந்தது. கணினி காரணமில்லாமல் நின்று நின்று தொடங்கியது. பக்கத் தகட்டைத் திறந்தால் பிராசசரைச் சுற்றி நின்ற கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. ஒன்றிரண்டில் பழுப்பு நிறக் கசிவு. அது அந்த ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. 2000களின் முற்பாதியில் தயாரான ஏராளமான போர்டுகளில் தரமற்ற மின்பகுநீர் கொண்ட கெப்பாசிட்டர்கள் சேர்ந்து, உலகம் முழுதும் இதே மாதிரி உப்பின. சாலிடர் வேலை தெரிந்தவர் புதுக் கெப்பாசிட்டர் வைத்துக் காப்பாற்றலாம். மாமாவுக்குக் கை இருந்தது, நேரம் இல்லை. ஆபீசில் கழித்த சாக்கெட் 478 போர்டும் பென்டியம் 4உம் 512 எம்பி டிடிஆர் ரேமும் ஒன்றாக வந்தன. 184 கால் கொண்ட டிடிஆர் இடத்தில் பழைய எஸ்டிரேம் சேராது. தமிழுக்காகக் கூட்டிய அந்த 128 எம்பி அத்தோடு ஓய்வு பெற்றது. பென்டியம் 4க்குத் தனியாக நான்கு கால் 12 வோல்ட் பிளக் வேண்டும். பழைய பவர் சப்ளையில் அது இல்லாததால் அதுவும் மாறியது. பின்னர் எல்ஜிஏ 775, கோர் 2 டுவோ, டிடிஆர்2. 2019இல் கோர் ஐ5இன் நான்காம் தலைமுறை, டிடிஆர்3. டிடிஆர்2க்கும் டிடிஆர்3க்கும் கால்கள் 240 என்றாலும் அடி வெட்டு இடம் மாறியிருக்கும். தலைமுறை ஒவ்வொன்றும் முந்தியதன் ரேமைத் தள்ளிவிட்டது.

எதுவும் தள்ளிவிடாதவை சாதாரணச் சாமான்கள்: கேசிங், விசைப்பலகை, ஒலிபெருக்கிகள், கேபிள்கள், திருகுகள். திருகுகளிலும் இரு சாதி உண்டு. ஹார்ட் டிஸ்குக்கும் கேசிங்குக்கும் கொஞ்சம் அகன்ற மரை. குறுந்தட்டு ஓட்டிக்கு நெருக்கமான மரை. மாற்றிப் போட்டு முறுக்கினால் துளை கெடும். அந்த வீட்டில் இரண்டும் இரண்டு மைலோ டின்களில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கடலோர ஊர் என்பதால் உப்புக்காற்றில் திருகின் தலை துருப்பிடிக்கும். கழற்றிய கையோடு துளி எண்ணெய் தொட்டு டின்னில் போடுவது வழக்கம். பல்லியும் எறும்பும் இன்னொரு தொல்லை. சூடு இருக்கும் இடத்தைத் தேடிப் பல்லி பவர் சப்ளைக்குள் முட்டை வைக்கும். காலியாக இருக்கும் பின்பக்க இடைவெளிகளைத் தகடு கொண்டு மூட வேண்டும் என்று எந்தக் கையேடு சொல்கிறதோ இல்லையோ, தோட்டத்து வீடு சொல்லும்.

மறுபயன் சாமான்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முதல் ஊற்று ஆபீஸ்கள். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் கணினிகளைக் குத்தகைக்கு எடுத்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் திருப்பிக் கொடுக்கின்றன. அவை மறுவிற்பனைக் கடைகளுக்கு வரும். உறுதியானவை, அதிகம் சூடேறாதவை. ஆனால் சில நிறுவனங்களின் போர்டும் பவர் சப்ளையும் அவற்றின் சொந்தக் கேசிங்கைத் தவிர வேறெதிலும் சேராது. இரண்டாவது, பள்ளிகள். கணினிக் கூடங்களில் ‘லுப்புஸ்’ (கழிப்பு) ஆன கணினிகள் அரசாங்கச் சொத்து. கணக்கில் கழித்து முறைப்படி அகற்றிய பிறகே வெளியே வரும். ஆசிரியருக்குத் தெரிந்தவர் என்பதற்காக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது, தெருவில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு பழைய பேப்பர் வாங்க வரும் பேப்பர் லாமா லாரியும், அது போய்ச் சேரும் பெசி பூரோக் என்ற பழைய இரும்புக் கடையும். எடைக்கு வாங்கிய கணினியை எடைக்கே விற்கிறவர்கள் அங்கே உண்டு. கிலோ கணக்கில் வாங்கிய குப்பையில் உயிருள்ள டிஸ்க் கிடைப்பது சந்தோஷம்; அதில் முந்தியவரின் வங்கிக் கடிதமும் குடும்பப் படமும் அப்படியே இருப்பது வெட்கம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, இந்தப் பழக்கத்துக்கு எதிர்பாராத மதிப்பு வந்தது. வீட்டிலிருந்து கற்றல் என்பது பல குடும்பங்களில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட கதை. மடிக்கணினி கடைகளில் தட்டுப்பாடு; இருந்தாலும் வாங்க முடியாத விலை. மேசைக் கணினியில் கேமராவும் வைஃபையும் கிடையாது என்பதே குறை. யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்று, பழைய வெப்கேமரா ஒன்று, கேமரா கிடைக்காத இடத்தில் திரை உடைந்த பழைய கைப்பேசியையே கேமராவாக்கும் செயலி ஒன்று: இவற்றைக் கொண்டு வட்டாரத்து வீடுகளில் ஒதுங்கிக் கிடந்த சில கணினிகள் வகுப்பறைக்குத் திரும்பின. மைலோ டின்னிலிருந்த திருகுகள் அப்போது ஏறக்குறைய தீர்ந்தன.

இன்றைய தடை சாமானில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து வரும் பிராசசரையும் கேட்கிறது. 2019இல் மாட்டிய நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேமோடும் எஸ்எஸ்டியோடும் எந்த வேலைக்கும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருக்கையில் தகுதியற்றது என்று ஒதுக்கப்பட்டது. அதில் லினக்ஸ் மின்ட் போட்டாகிவிட்டது. தமிழ் இடைமுகமும் தமிழ் விசைப்பலகையும் அதில் உண்டு; எக்ஸ்பிக்காகப் பட்ட பாடு எதுவும் இல்லை. பள்ளிப் பாடம், கடிதம், வங்கி, யூடியூப் வேண்டுபவருக்கு இது போதும். குறிப்பிட்ட கணக்கு மென்பொருளோ விளையாட்டோ வேண்டுபவருக்குப் போதாது. அவர் வேறு போர்டுதான் தேட வேண்டும். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் ரேம் விலை மறுபடி ஏறியது. பழைய ரேமை வீசாமல் வைத்திருந்தவர்களுக்கு அது லாபம்.

மறுபயனுக்கு ஆகாதவையும் உண்டு. குழல் திரையின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உப்பிய கெப்பாசிட்டர் உள்ள போர்டு, தீய்ந்த பவர் சப்ளை, உள்ளே கரகரக்கும் டிஸ்க் ஆகியவற்றை நம்பக்கூடாது. செம்புக்காகக் கேபிளைத் தோட்டத்து ஓரத்தில் எரிப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். அந்தப் புகை நச்சு. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற பிரிவில் வருகிறது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிலையங்களே அதைப் பிரித்தெடுக்கலாம். அவற்றுக்கு அனுப்பும் சேகரிப்பு மையங்கள் மலாக்காவிலும் உண்டு.

வீட்டில் பழைய மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் அதை லாரிக்காரருக்கு எடைக்குப் போடுமுன், ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, தெரிந்த பள்ளிப் பிள்ளை வீட்டுக்குக் கேட்டுப் பார்க்கலாம். கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, பவர் கேபிள், திரைக் கேபிள், பக்கத் தகடு, திருகுகள் என மற்ற அனைத்தையும் சேர்த்துக் கொடுங்கள். திருகு இல்லாமல் வந்த கணினியை மாட்டுவதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது.